காருக்குத் தண்ணீர் தெளிக்கும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, பையன் கேம் விளையாடறான். கரன்ட் பில், டிரெயின் டிக்கெட் எல்லாம் இதிலேயே முடிஞ்சுடுது. வேற என்ன சார் இதை வெச்சுப் பண்றது?" வழக்கமாக இதற்கு யாராவது ஒரு புது சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்வார்கள். நாமும் டவுன்லோடு செய்து இரண்டு நாள் பார்ப்போம். மூன்றாம் நாள் அந்த ஐகான் டெஸ்க்டாப்பில் தூங்கும்.

என் பதில் வேறு. "இதைப் போட்டால் பிரமாதமாக வேலை செய்யும்" என்று யார் வந்து எதைச் சொன்னாலும், அது உண்மையா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க உங்கள் வீட்டுக்கு ஒரு ஆள் வந்திருக்கிறார். சம்பளம் கேட்க மாட்டார், முகத்துக்காகப் பொய் சொல்ல மாட்டார். அவரை இந்த வேலைக்குப் பயன்படுத்தாமல் வெறும் சினிமா காட்ட வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம். இதைப் புரியவைக்க நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கொஞ்சம் விநோதமானது: டர்போ காரின் இன்டர்கூலருக்கு வீட்டிலேயே செய்கிற மலிவு விலை வாட்டர் ஸ்பிரேயர். கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் உங்கள் கேபினெட்டுக்குள்ளேயே வந்து சேருவோம்.

முதலில் டர்போ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக சக்தி. சின்ன 1.0 லிட்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின்களே இன்று நன்றாக இழுப்பதற்கு இதுதான் காரணம். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், அது ஏறக்குறைய 130 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். அப்புறம் அழுத்தியதில் பாதிப் பயன் வீண். பெட்ரோல் என்ஜினாக இருந்தால் 'நாக்கிங்' என்கிற தட்டல் வேறு வரப் பார்க்கும்.

இந்தச் சூட்டைத் தணிக்க நடுவில் வைப்பதுதான் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டர் போலவே இருக்கும், அலுமினியத் தகடுகள் அடுக்கிய பெட்டி. உள்ளே டர்போவின் சூடான காற்று, வெளியே கார் ஓடும்போது வீசும் சாதாரணக் காற்று. பல கார்களில் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும். எல்லாக் காரிலும் இப்படி இல்லை. போக்ஸ்வேகனின் 1.0 டிஎஸ்ஐ என்ஜினில் இன்டர்கூலர் என்ஜினோடு சேர்ந்தே இருக்கிறது, அதைக் குளிர்விப்பது தண்ணீர். அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் ஸ்பிரேயர் ஆசையை இங்கேயே விட்டுவிட்டு, கட்டுரையை மட்டும் படிக்கலாம்.

இன்டர்கூலரின் வெளிப்பக்கத்தில் தண்ணீரைப் பனித்துளி போலத் தெளித்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இது ஒன்றும் புதிய விஞ்ஞானம் கிடையாது. சித்திரை மாதம் எங்கள் ஊரில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலில், மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அறை குளிர்வதும் இதே வேலைதான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராம் ஆவியாகிப் போக ஏறக்குறைய 2400 ஜூல் வேண்டும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதில் பெரிய லாபமில்லை, ஆவியாக வைப்பதில்தான் லாபம் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. ஐஸ் வாட்டர் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

கார் கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன. 1990களில் உலக ராலிப் பந்தயத்தில் மோதிக்கொண்ட இரண்டு ஜப்பான் கார்களான சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ஆகியவற்றின் பல மாடல்கள், இன்டர்கூலருக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்விட்ச்சுடன் ஃபேக்டரியிலிருந்தே வந்தன. லான்சர் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வரும். 1998 முதல் திருவள்ளூர் அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரான சாதாரண லான்சர், பந்தய லான்சருக்குத் தம்பி முறை. தண்ணீர் ஸ்பிரே அதில் கிடையாது.

இதை என்ஜினுக்குள்ளேயே தண்ணீர் பாய்ச்சும் முறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களிலும், 2016-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரிலும் இருந்தது அந்த முறை. அது கம்பெனிக்காரர்கள் விளையாடும் விளையாட்டு. நாம் பேசுவது வெளியே தெளிப்பது மட்டும். தவறினால் தகடு நனையும், அவ்வளவுதான்.

திருவண்ணாமலைக்கு இது பொருத்தமான சமாசாரமா? பொருத்தம்தான். கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், தண்ணீர் ஆவியாக யோசிக்கும். 35 டிகிரி வெயிலில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 31 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதே 40 டிகிரி வெயிலில் 30 சதவீத ஈரப்பதம்தான் என்றால் 26 டிகிரி வரை இறங்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் எங்கள் ஊரின் ஏப்ரல், மே மாத மத்தியானம் இரண்டாவது வகை. இன்டர்கூலர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் சென்னையிலும் ஓரளவு வேலை செய்யும், ஆனால் இங்கே போல வராது.

என் நண்பன் ஒருவன் விதைக் கடை வைத்திருக்கிறான். டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும்போது, நாலு பேரும் லக்கேஜும் ஏசியும் சேர்ந்தால் வண்டி சோர்ந்துபோகிறது என்பது அவன் புகார். வெளியூரில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் 'கூலிங் கிட்' என்று பதினைந்தாயிரம் ரூபாய் சொன்னார்களாம். "நீ என்ஜினீயர்தானே, சொல்லுடா மச்சான், போடலாமா?" என்று வந்தான். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், மெக்கானிக்கல் இல்லை என்பதெல்லாம் ஊரில் யாரும் கேட்பதில்லை. என்ஜினீயர் என்றால் என்ஜினீயர்.

கிட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஒரு டாங்கி, ஒரு பம்ப், நாலு நாசில், ஒரு ஸ்விட்ச், பளபளப்பான அட்டைப் பெட்டி. இதில் அட்டைப் பெட்டியைத் தவிர எல்லாம் அவன் கடைக்குப் பக்கத்துக் கடையிலேயே இருந்தது! வயலில் பூச்சிமருந்து அடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஸ்பிரேயர் இருக்கிறதல்லவா, அதற்குள் இருப்பது 12 வோல்ட் டயாபிரம் பம்ப். ஸ்பேர் பார்ட்டாகத் தனியே கிடைக்கும். கார் பேட்டரியும் 12 வோல்ட். கண்ணாடி துடைக்கும் வாஷர் பம்ப்பைவிட இதற்கு அழுத்தம் அதிகம், அதனால் துளி நுண்ணியதாக வரும். துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு சீக்கிரம் ஆவியாகும். நாசிலுக்கு, பசுமைக் குடிலிலும் நாற்றங்காலிலும் போடும் ஃபாகர். சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கிறது. இவற்றோடு ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், டேஷ்போர்டில் ஒரு புஷ் பட்டன், அது வேலை செய்வதைக் காட்ட ஒரு சின்ன எல்ஈடி, ஐந்து லிட்டர் புதிய கேன், கொஞ்சம் ஓஸ். மெக்கானிக் அண்ணனின் கூலி போக 1,500 ரூபாய்க்குள் அடங்கியது. பழைய மருந்து ஸ்பிரேயரையே கழற்றிப் போடலாமே என்றான் நண்பன். வேண்டவே வேண்டாம். அந்த மருந்தின் மிச்சம் காற்றோடு காருக்குள்ளும் வரும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. காரின் சொந்த வயரிங்கை வெட்டாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், வயர் சாக்கெட்டுகள் பக்கம் தண்ணீர் திரும்பக் கூடாது. வாரன்டி இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள். இன்னொன்று தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் நிற்கும். அதை இன்டர்கூலரில் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு அங்கேயே தங்கும். ஒரே கோடையில் தகடுகளின் இடுக்கு அடைபட்டு, குளிர்விக்கப் போட்டதே சூடேற்றும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்து வடிந்த தண்ணீர், உப்பே இருக்காது. செலவும் இல்லை. துணியில் வடிகட்டி ஊற்றினால் போதும். ஏசி இல்லாதவர்கள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றலாம்.

இதுவரை சொன்னது பத்தில் மூன்று பங்கு வேலை. பம்ப் ஓடுகிறது, பனி போல் தெளிக்கிறது, நண்பன் முகத்தில் சிரிப்பு. ஆனால் இதனால் ஏதாவது பயன் இருக்கிறதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன். உண்மையில் முதல் 500 ரூபாயை நாங்கள் பம்ப்புக்குச் செலவழிக்கவில்லை, அளப்பதற்குச் செலவழித்தோம்.

ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 ஓட்டைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி போர்ட் என்று பெயர். இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் உண்டு. காரின் கம்ப்யூட்டரோடு வெளியாட்கள் பேசும் ஜன்னல் அது. அதில் செருகும் இஎல்எம்327 வகை புளூடூத் ரீடர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும். போனில் அதற்கான ஆப் ஒன்றைப் போட்டால் வேகம், ஆர்பிஎம், 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' எனப்படும் என்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு எல்லாம் விநாடிக்கு விநாடி பதிவாகும். பக்கத்து சீட்டில் இருப்பவர் இதைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் இந்தச் சூட்டை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கும். அப்போது நீங்கள் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் அது கவலைப்படாது. கண்டுபிடிப்பது சுலபம். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஏற்றத்தில் அழுத்தமாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். காட்டும் எண் கூடவே ஏறினால் சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கிறது, நம் வேலைக்கு ஆகும். வெளிவெயிலை ஒட்டியே அசையாமல் நின்றால் ஆகாது.

பயணம் முடிந்ததும் ஆப்பில் பதிவான ஃபைலை யூஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவாருங்கள். பெயருக்குப் பின்னால் சிஎஸ்வி என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது கமா போட்டுப் பிரித்த எண்களின் வரிசை, அவ்வளவுதான். எக்செல் இருந்தால் அதில், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கலாம். எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டால் கமாவைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். நேரம் ஒரு காலத்தில், வேகம் ஒன்றில், சூடு ஒன்றில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். வண்டி நின்ற இடங்களை நீக்கிவிடுங்கள். நின்ற வண்டியில் என்ஜின் சூடே சென்சாரைச் சுட்டுத் தவறான எண் காட்டும். மீதிக்கு ஏவரேஜ் ஃபங்ஷன் போடுங்கள். பிறகு இன்சர்ட் மெனுவில் சார்ட்டைக் கிளிக் செய்தால் மலை ஏறிய கதை கோடாக வந்து நிற்கும். பத்தாம் வகுப்புப் பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள். சயின்ஸ் புத்தகத்தில் வரும் கிராஃபை அப்பாவின் காரே போடுகிறது என்றால் ஆர்வம் தானாக வரும்.

நாங்கள் ஒரே மலைப்பாதையில், மத்தியான நேரத்தில், ஒரு முறை ஸ்பிரே இல்லாமல், மறு முறை ஸ்பிரேயுடன் என்று மாற்றி மாற்றி ஏறினோம். முதல் நாள் இல்லாமல், மறுநாள் ஸ்பிரேயுடன் என்று பார்த்தால் வெயில் மாறிவிடும், ஒப்பிட முடியாது. நான்கு ஏற்றங்களின் சராசரியில் ஸ்பிரே போட்டபோது காற்றின் சூடு ஏழு டிகிரி குறைந்திருந்தது. அவன் துள்ளினான். அதே ஸ்பிரேயைச் செங்கம் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டி அளந்தோம். வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. சமதளத்தில் டர்போவுக்கு வேலையும் குறைவு, எதிர்க்காற்றே இன்டர்கூலரை நன்றாகக் குளிர்வித்துவிடுகிறது. தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை.

சரி, மலையில் ஏழு டிகிரி குறைந்ததே, அதற்கு எவ்வளவு சக்தி கூடும்? காற்றின் அடர்த்தியைக் கணக்கிட நம் டிகிரியோடு 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 60 டிகிரி என்பது 333. அது 53 ஆகக் குறைந்தால் 326. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அடர்த்தி 2 சதவீதம்தான் கூடுகிறது. 100 குதிரைசக்தி 102 ஆகும், அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால். மலையில் ஏசியை அணைத்தால் கிடைப்பது இதைவிட அதிகமாகவே இருக்கும் என்பது என் எண்ணம். நாக்கிங் வராமல் இருக்க கார் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்குச் சூடு ஏறும் நேரங்களில் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் பயன் கிடைக்கலாம்.

நண்பன் ஏற்றுக்கொள்ளவில்லை. "நீ எக்செல்லைப் பாக்கறே, நான் ஆக்சிலரேட்டர்ல கால் வெச்சிருக்கேன். பட்டனை அமுக்கின உடனே வண்டி எப்படி இழுக்குது தெரியுமா?" என்றான். அடுத்த முறை மலை ஏறும் முன், அவனுக்குத் தெரியாமல் மெக்கானிக் அண்ணன் பம்ப்புக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிவிட்டார். டேஷ்போர்டு எல்ஈடி எரியும், பம்ப் ஓடாது. ஏற்றத்தில் பட்டனை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. "இப்பப் பாரு, இப்பப் பாரு, எப்படிப் போகுது!" என்றான். பின் சீட்டில் இருந்த மெக்கானிக் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை உச்சியில் டீக்கடையில் கேனைத் திறந்து காட்டினோம். ஏறும்போது இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. ஐந்து நிமிடம் அவன் எங்களோடு பேசவில்லை. அப்புறம் டீக்குக் காசு அவனே கொடுத்தான்.

அவன் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிஜமாகவே இழுப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கையால் செய்த பொருள், காசு போட்ட பொருள், விளக்கு எரிகிற பொருள். உடம்பு அதற்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். எனக்கும் உங்களுக்கும் அப்படித்தான். பதினைந்தாயிரம் ரூபாய் கிட் விற்பவர்கள் உயிர்வாழ்வது இதில்தான். 1,500 ரூபாய் போட்டவனுக்கே இவ்வளவு இழுத்தால், பதினைந்தாயிரம் போட்டவனுக்கு வண்டி பறக்காதா? இதே ஓபிடி போர்ட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று ஆன்லைனில் விற்கும் சின்னப் பெட்டிகளும் இந்த ரகம்தான். விளக்கு மட்டும் மின்னும் பெட்டிக்குக் கொடுக்கும் காசில், அளக்கும் ரீடரையே வாங்கிவிடலாம்.

அப்படியானால் ஸ்பிரேயர் வேண்டாமா? என் தீர்ப்பு இது. ஊருக்குள்ளும் ஹைவேயிலும் மட்டும் ஓடும் கார் என்றால் வேண்டாம். கோடையில் ஆள் நிறைந்து அடிக்கடி மலை ஏறும் கார் என்றால், 1,500 ரூபாய்க்குச் செய்துகொள்ளலாம், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பந்தயத்தில் அரை விநாடிக்கு மதிப்பு உண்டு, நாம் ஜமுனாமரத்தூரில் தேன் வாங்கப் போகிறோம்.

செய்தே தீருவேன் என்பவர்கள் தண்ணீரையாவது மிச்சம் பிடியுங்கள். 1.2 லிட்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில், இரு மடங்கு அழுத்தத்தில், விநாடிக்குச் சுமார் 60 கிராம் காற்றை இழுக்கும். அதை 10 டிகிரி குளிர்விக்க 600 வாட் சூட்டை வெளியேற்ற வேண்டும், ஒரு மிக்ஸி இழுக்கும் கரன்ட் அளவு. மேலே சொன்ன 2400 ஜூல் கணக்கில், விநாடிக்குக் கால் கிராம் தண்ணீர் ஆவியானால் போதும். பம்ப் தள்ளுவதோ இதைப்போலப் பல மடங்கு. மீதி எல்லாம் ரோட்டில்தான் சொட்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைக்கிற தெருக்கள் உள்ள ஊரில் இது நியாயமில்லை. அதனால் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்காமல் இரண்டு விநாடி தெளித்து, பத்து விநாடி நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் அடுத்த படி ஏற விரும்புபவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்ன போர்டை யூஎஸ்பியில் இணைத்து, இருபது வரி புரோகிராம் எழுதினால், இந்த இரண்டு விநாடி, பத்து விநாடிக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய புரோகிராம் நிஜமான ஒரு பம்ப்பை ஓட்டுவதைப் பார்க்கும் சந்தோஷம் ஸ்க்ரீனில் 'ஹலோ வேர்ல்டு' பார்ப்பதில் வராது.

இப்போது உங்கள் கேபினெட்டுக்கு வருவோம். காரின் கம்ப்யூட்டர் சூடு ஏறினால் ஸ்பார்க்கைப் பின்தள்ளி என்ஜினைக் காப்பது போல, உங்கள் பிராசஸரும் சூடு எல்லை தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்றைய இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் இந்த எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கிறது. "மத்தியானம் ஆனா சிஸ்டம் ஸ்லோ ஆயிடுது, வைரஸா இருக்குமோ?" என்று கேட்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். உடனே கடைக்காரர் சொல்வதைக் கேட்டு எல்ஈடி மின்னும் ஃபேன், லேப்டாப்புக்குக் கூலிங் பேட் என்று வாங்கக் கிளம்பாதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, ஒரு மணி நேரம் சூட்டைப் பதிவு செய்யுங்கள். அதுவும் சிஎஸ்வி ஃபைல்தான் கொடுக்கும், கார் ஃபைலைத் திறந்தது போலவே திறக்கலாம். பிறகு கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கில் அடைந்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். இரண்டு சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கடைக்குப் போகலாமா என்று முடிவு செய்யுங்கள். பலருக்குப் போக வேண்டியிருக்காது.

இந்தக் கட்டுரையைப் படித்த உற்சாகத்தில் யாரும் கேபினெட்டுக்குள் தண்ணீர் தெளித்துவிட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன். ஈரத்துணியும் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைக் கம்ப்யூட்டரை நோக்கித் திருப்பி வைப்பதும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்து அறைக்குப் போடுங்கள்.

நண்பனின் காரில் ஸ்பிரேயர் இன்னும் இருக்கிறது. வயரை மறுபடி மாட்டிவிட்டோம். ஆடி பிறந்து மழை தொடங்கினால் கேனைக் காலி செய்து, காயவைத்து, மூடியை இறுக்கிவிடும்படி சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். திறந்த கேனில் நாள் கணக்கில் நிற்கும் சுத்தமான தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம்.